240,000 போதுமா, 390,000 வேண்டுமா, பத்து இலட்சமா?

வாசகர் கேள்வி:

ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வயது 56. ஆலையில் பாய்லர்மேன். அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ஓவர்டைமோடு 3,400 வரை வரும். எனக்கு 53. முன்பு ஆயாக் கொட்டகையில் வேலை செய்தேன். இப்போது வீட்டில் தைத்துக் கொடுப்பதில் மாதம் 400 கிடைக்கிறது. சேமநிதியில் அவருக்கு 212,000, எனக்கு 38,000 இருக்கிறது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு வாங்கி 450 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதன் கடன் மாதம் 410, இன்னும் ஏழு வருடம். வீட்டுக் கடனும் நான் கட்டும் 500 வெள்ளிக் கூட்டும் (சீட்டு) போக, நோட்டுப் புத்தகப்படி மாதச் செலவு 2,400. அதில் மகளின் விடுதி, கைச்செலவு 600, இவர் ஷிப்டுக்குப் போகும் சாப்பாடு, பெட்ரோல் 160, மகனின் கார் தவணைக்குக் கொடுக்கும் 300 அடக்கம். மகன் வேலையில் இருக்கிறான். மகள் படிக்கிறாள், அவள் கல்யாணத்துக்கு 40,000 எடுத்து வைக்க ஆசை. 240,000 தாண்டியாச்சு, போதும் என்கிறார் இவர். பத்திரிகையில் 390,000 வேண்டும் என்று போட்டிருந்தது. என் அண்ணனோ பத்து இலட்சம் இல்லாமல் காலம் தள்ள முடியாது, ஒரு இலட்சத்தை வெளியே எடுத்து மாதம் 3 விழுக்காடு தரும் திட்டத்தில் போடு என்கிறார். எங்களுக்கு எவ்வளவு இருந்தால் போதும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காதில் விழுந்த மூன்று தொகைகளுக்குப் பின்னாலும் ஒரு மாதக் கணக்கு இருக்கிறது. சேமநிதி வாரியத்தின் பழைய அடிப்படைச் சேமிப்பான 240,000 என்பது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டு, அதாவது 240 மாதம். 2026 ஜனவரி தொடங்கிப் படிப்படியாக நடப்புக்கு வரும் 390,000 என்பது அதே 240 மாதத்துக்கு 1,625 வெள்ளி. அண்ணன் சொல்லும் பத்து இலட்சத்தை வகுத்தால் மாதம் 4,167 வருகிறது. தோட்டத்தில் நீங்கள் இருவரும் இன்றுவரை அவ்வளவு செலவு செய்ததில்லை. ஆகவே எந்தத் தொகை சரி என்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு, அது எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். அதற்கான விடை பாதிக்கு மேல் உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் மாதச் செலவு. இன்றைய 2,400 ஓய்வுக்குப் பிறகு அப்படியே இருக்காது. மகளின் விடுதி, கைச்செலவு 600, அவர் ஷிப்டுக்குப் போகும் சாப்பாடு, பெட்ரோல் 160, மகனின் கார் தவணைக்கு நீங்கள் கொடுக்கும் 300 ஆகியவை உங்கள் நோட்டில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 1,060. ஓய்வு பெறும்போது இவை நின்றிருக்க வேண்டும். கார் தவணை தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். மீதி 1,340.

பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் தோட்டம் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தவை நோட்டில் ஏறுவதில்லை. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் முழுப் பில்லும் உங்கள் பேரில் வரும். இப்போது கட்டுவதைவிட மாதம் 110 கூடும் என்று வையுங்கள். நீங்களே குடிபோவதால் 450 வாடகையும் நின்றுவிடும். இதை மறந்துவிட்டு வாடகையை வருமானத்தில் எழுதும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகளும் மாத நோட்டில் தப்பிவிடும். காரின் ரோட் டெக்ஸ், காப்புறுதி 750, டயர், பேட்டரி 450, மதிப்பீட்டு வரியும் நில வரியும் 240, தீபாவளி, பொங்கல் 700, கோயில் திருவிழா 200, மூக்குக் கண்ணாடி, துணிமணி 300. கூட்டினால் 2,640, மாதத்துக்கு 220. இவை என் உத்தேசம். உங்கள் ரசீதுகளை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

1,340, 110, 220 மூன்றும் சேர்த்து 1,670 வெள்ளி. உங்கள் இருவருக்கும் இன்றைய விலையில் மாதம் தேவைப்படுவது இதுதான்.

அடுத்தது எத்தனை மாதம் என்பது. அவர் 60 வயதில் ஓய்வு பெறும்போது உங்களுக்கு 57. உங்கள் 85 வயது வரை கணக்குப் போட்டால் 28 ஆண்டு, 336 மாதம். சேமநிதியின் 20 ஆண்டுக் கணக்கு உங்களை 77 வயதில் விட்டுவிடும். கணவனைவிட மனைவி இளையவளாக இருக்கும் வீட்டில் பணம் தீர்ந்துபோவதை அனுபவிப்பது பெரும்பாலும் மனைவிதான். அதனால் கடைசி வயதை உங்கள் வயதில் வைத்தே எண்ணுங்கள். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் கடைசி 13 ஆண்டை ஒருவர் செலவாகவே போட்டிருக்கிறேன். ஒருவர் செலவு என்றால் பாதியாகிவிடாது. வீட்டு வரி, மின்சாரம், கேஸ் எல்லாம் இருக்கும், மருத்துவச் செலவு கூடும். 1,150 என்று வைப்போம்.

முதல் 15 ஆண்டு 1,670 வீதம் 300,600. அடுத்த 13 ஆண்டு 1,150 வீதம் 179,400. மொத்தம் 480,000. இதோடு 60ஆம் வயதிலேயே தனியே ஒதுக்க வேண்டியவை மூன்று. அப்போது வீட்டுக் கடனில் 36 தவணை மிஞ்சும். மாதா மாதம் கட்டினால் 14,760, ஒரேயடியாக அடைத்தால் கொஞ்சம் குறையும், 14,000 என்று வையுங்கள். இத்தனை வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் கூரை, ஒயரிங், வழுக்காத குளியலறைத் தரை ஆகியவற்றுக்கு 12,000. ஆறு மாதச் செலவாக 10,000 கையிருப்பு. ஆக 36,000.

உங்கள் குடும்பத்துக்குப் போதுமான தொகை 516,000 வெள்ளி. பத்து இலட்சத்தில் பாதிதான். ஆனால் 240,000 போல இரண்டு மடங்குக்கும் மேல். மலைத்துப்போக வேண்டாம். இது முழுவதும் சேமநிதியில் இருந்தாக வேண்டும் என்றில்லை.

இருப்பைப் பார்ப்போம். உங்கள் இருவரின் சேமநிதி 250,000. இன்னும் நாலு ஆண்டு அவர் வேலை செய்கிறார். அவர் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்ந்து 24. ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடிப்பது இல்லை, எனவே 3,400க்குக் கணக்குப் போடாதீர்கள். 2,600க்கு மாதம் 624, நாலு ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000. மொத்தம் 280,000. ஒதுக்கும் 36,000 போக மாதச் செலவுக்கு 244,000.

இலாப ஈவைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். 2020இல் 5.2, 2021இல் 6.1, 2022இல் 5.35, 2023இல் 5.5, 2024இல் 6.3 விழுக்காடு கொடுத்தார்கள். நல்ல ஈவுதான். ஆனால் விலைவாசியும் ஏறுகிறது. 2022இல் நாட்டின் பொதுவான விலையேற்றம் 3.3 விழுக்காடு, உணவு விலை மட்டும் 5.8. சம்பாத்தியத்தில் பெரும்பகுதி மளிகைக்கும் மீனுக்கும் போகும் வீட்டில் அந்த வருட ஈவு முழுவதையும் அடுப்பங்கரையே விழுங்கியிருக்கும். அதனால் ஈவும் விலையேற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று வைத்து, எல்லாவற்றையும் இன்றைய வெள்ளியில் கணக்கிட்டிருக்கிறேன். நீண்ட காலத்தில் ஈவு ஒரு விழுக்காடாவது முந்தி நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. அந்த ஒரு விழுக்காடு 28 ஆண்டில் ஏறத்தாழ 36,000 வெள்ளி கூட்டித் தரும். பணம் சேமநிதியிலேயே இருந்தால்தான் அது கிடைக்கும். 100 வயது வரை அங்கே ஈவு உண்டு.

தேவை 480,000. தையல் வருமானம் 400ஐ உங்கள் 65 வயது வரை எட்டு ஆண்டுக்குச் சேர்த்தால் 38,400. கையில் 244,000. பற்றாக்குறை ஏறத்தாழ 198,000. ஈவின் 36,000ஐக் கழித்தால் 162,000.

இதை அடைக்கும் முதல் வழி அவருடைய கையில் இருக்கிறது. பாய்லர் ஓடும்போது சான்றிதழ் பெற்றவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாய்லர்மேன் சான்றிதழுக்கு 60க்குப் பிறகும் மதிப்பு உண்டு. 64 வயது வரை ஒப்பந்த வேலையில் மாதம் 1,700 அளவுக்கு வந்தால் போதும், அந்த நாலு ஆண்டும் சேமிப்பில் கை வைக்க வேண்டியதில்லை. மிச்சமாவது மாதம் 1,270 வீதம் 61,000. ஓய்வு பெறும் மாதத்தில் வேலை தேடினால் கிடைப்பது கடினம். 59 வயதிலேயே மேலாளரிடம் பேசச் சொல்லுங்கள். இரவு ஷிப்டு இல்லாத வேலையாகக் கேட்கட்டும், அனல் முன்னே நிற்கும் உடம்பை ஐம்பதுகளில் இருந்தது போல அறுபதுகளில் நம்ப முடியாது.

இரண்டாவது, உங்கள் பேரில் ஐ-சாரான். மாதச் சம்பளம் இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்யும் 60 வயதுக்குக் குறைந்தவர்கள் சேமநிதியில் தாமாகக் கட்டினால், 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துக் கொடுக்கிறது. ஆண்டுக்கு உச்சம் 500, வாழ்நாளுக்கு 5,000. ஆண்டுக்கு 2,500 கட்டினாலே முழு 500ம் கிடைத்துவிடும். இப்போது நீங்கள் கூட்டில் கட்டும் 500 வெள்ளியை, இந்தச் சுற்று முடிந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். 210 இங்கே. நாலு ஆண்டில் அரசாங்கப் பணத்தோடு 12,000. உங்களுக்கு 55 வயதான பிறகு கட்டுவது அக்காவுன் எமாஸில் சேரும், 60 வரை எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டு பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பேரிலேயே நம் ‘கூட்டு’ என்ற சொல்தான் இருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. ஓய்வுக் காலப் பணத்தை அதில் வைக்காதீர்கள்.

மீதி 290 மகள் கல்யாணத்துக்கு. நாலு ஆண்டில் 13,920. நீங்கள் நினைக்கும் 40,000க்கு இது எட்டாது என்று தெரியும். ஆனாலும் 40,000ஐச் சேமநிதியிலிருந்து எடுப்பதன் பொருளைப் பாருங்கள். 336 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 119 வெள்ளி. மருந்து, சத்து மாத்திரை, கிளினிக் போய்வரும் செலவு என்று உங்கள் நோட்டில் மாதம் 120 எழுதியிருப்பீர்களானால், மண்டபத்தில் ஒரு நாள் சாப்பாடு அந்த வரி முழுவதையும் 28 ஆண்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறது. படித்து முடித்து வேலைக்குப் போகும் மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கல்யாணச் செலவில் அவளும் ஒரு பங்கு போடட்டும். கோயில் கல்யாணம், அளவான விருந்து என்று 14,000க்குள்ளும் மரியாதையாகச் செய்யலாம். இந்தப் பணம் நாலு ஆண்டில் தேவைப்படுவது, ஆகவே வங்கியில் நிரந்தர வைப்பில் இருக்கட்டும். பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) உறுப்பு வங்கி என்றால் ஒரு வங்கிக்கு ஒருவர் பேரில் 250,000 வரை பாதுகாப்பு உண்டு.

மூன்றாவது வழியை எழுதும்போது பல பெற்றோர் பேனாவை வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து மாதம் 300, அவர் 64 வயதில் வேலையை விட்ட பிறகு. 24 ஆண்டுக்கு 86,400. மகனின் கார் தவணைக்கு இன்று நீங்கள் கொடுப்பதும் அதே 300தான். பென்ஷன் போல இதை உறுதியாக நம்பாதீர்கள், ஆனால் கேட்காமலும் இருக்காதீர்கள். எட்டு ஆண்டுக்கு முன்பே சொல்லிவைத்தால் அவர்களும் அதற்கேற்பக் கடன் வாங்குவார்கள்.

61,000, 12,000, 86,400 மூன்றும் சேர்ந்தால் 159,400. பற்றாக்குறை 162,000. வித்தியாசம் மாதத்துக்கு எட்டு வெள்ளிகூட வராது. ஆக, உங்களுக்குப் போதும். ஆனால் இந்த மூன்றும் நடந்து, அண்ணன் சொல்லும் திட்டத்தில் ஒரு வெள்ளிகூடப் போடாமல் இருந்தால்தான் போதும்.

அண்ணனிடம் சண்டை வேண்டாம், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு இலட்சம் போட்டால் மாதம் 3,000 தருவார்கள். 33 மாதம் வரை அவர்கள் கொடுப்பது உங்கள் முதலே. அதற்குள் கதவைச் சாத்திவிட்டால் நட்டம் உங்களுக்கு. முதல் ஆறு மாதம் சரியாகப் பணம் வந்தது என்பது திட்டம் நல்லது என்பதற்கு அத்தாட்சி ஆகாது, அடுத்தவர் போட்ட பணமாகவும் அது இருக்கலாம். பேங்க் நெகாராவின் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயர் அங்கே இல்லை என்றாலும், உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு 55 வயது ஆகிவிட்டதால் அக்காவுன் 55இல் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த வசதிதான் இங்கே ஆபத்து. அண்ணன் மகன் கார் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்டாலும் இதே பதில்தான்.

வீட்டுக் கடனை இப்போதே சேமநிதியில் எடுத்து அடைத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். வாடகை அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எம்ஆர்டிஏ காப்புறுதி இருக்கிறதா, அவருக்கு ஏதாவது ஆனால் கடன் அடையுமா என்பதை மட்டும் வங்கியில் கேட்டு வையுங்கள்.

மருத்துவத்துக்கு இந்தக் கணக்கு அரசாங்க மருத்துவமனையை நம்பியே போடப்பட்டது. அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் இல்லை. நிபுணரைப் பார்க்க ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் போய்வரும் செலவுதான் பெரிது. அதற்காகத்தான் காரின் செலவைக் கணக்கில் வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுக்கும் மருத்துவச் சலுகை வேலையோடு நின்றுவிடும். மெடிக்கல் கார்டு ஏற்கெனவே இருந்தால், 61, 66, 71 வயதுகளில் பிரிமியம் எவ்வளவு ஆகும் என்று ஏஜெண்டிடம் அட்டவணை கேளுங்கள். அது 1,670க்குள் அடங்காது.

1,670 என்பது தாளில் எழுதிய தொகை. அது நடக்குமா என்று இப்போதே பாருங்கள். அவர் 58 வயதாக இருக்கும்போது, தீபாவளி வராத மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் வந்த அன்றே 1,670ஐத் தனியாக எடுத்து, தாமான் வீட்டுக்கான 110, வருடச் செலவுக்கான 220 இரண்டையும் அதிலிருந்து ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மீதி 1,340இல் மாதத்தை ஓட்டுங்கள். மகளுக்கு அனுப்புவதும் அவர் ஷிப்டுச் செலவும் இதில் சேராது. மூன்றாவது மாதக் கடைசியில் உறையைக் கிழிக்க நேர்ந்தால், எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். மாதம் 100 குறைந்தால் தேவை 33,600 கூடுகிறது. அவர் இன்னும் இரண்டு ஆண்டுக்கும் மேல் ஒப்பந்த வேலை பார்க்க வேண்டும் என்று பொருள். இதை 58இல் தெரிந்துகொண்டால் வழி உண்டு. 66இல் தெரிந்தால் செலவைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

பணம் எடுக்கத் தொடங்கியதும் மொத்தமாக எடுக்காமல் மாதாந்திரப் பட்டுவாடா கேளுங்கள். ஈவு அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்கத்தில் வரும். அந்த வாரம் இருவர் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். கையிருப்பு 10,000ஐச் சேர்க்காமல், அவருடைய 68 வயதில் 229,000, 75 வயதில் 125,000 இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இவை இன்றைய விலைக்கு. நோட்டில் 1,670 என்பது 1,837 ஆகியிருந்தால், அதாவது பத்து விழுக்காடு ஏறியிருந்தால், இந்த இரண்டு தொகையையும் அதே பத்து விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். இருப்பு குறைவாகத் தெரிந்தால் முதலில் காரை விற்பதைப் பற்றியும், ஓர் அறையை வாடகைக்கு விடுவதைப் பற்றியும் பேசுங்கள். சாப்பாட்டிலும் மருந்திலும் கை வைக்காதீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருவரும் மைகார்டை எடுத்துக்கொண்டு ஈப்போ சேமநிதி அலுவலகத்துக்குப் போய், வாரிசுப் பெயர் யார் என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, பெயர் குறிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் போய்ச் சேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் தம் தாயார் பெயரை எழுதியிருந்தால், அதை மாற்றி உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். உங்கள் 38,000க்கும் அப்படியே. ஐ-சாரான் பதிவையும் அதே கவுண்டரில் கேட்டுவிட்டு வாருங்கள்.